ஏஜென்ட் கையில் தரும் கருவி: விவரம் எழுதுவது முதல் சோதித்துப் பார்ப்பது வரை

ஒரு நூலகத்தின் வாட்ஸ்அப் எண்ணுக்கு உறுப்பினர் ஒருவர் எழுதுகிறார்: "எடுத்த புக்கை இன்னும் ஒரு வாரம் வெச்சுக்கலாமா?" பதில் சொல்வது ஏஐ ஏஜென்ட், அதாவது மொழி மாடல் ஒன்று கருவிகளைக் கூப்பிட்டு வேலையை முடிக்கும் நிரல். அதனிடம் மூன்று கருவிகள், அதாவது அது கூப்பிடக்கூடிய நிரல் துண்டுகள், இருக்கின்றன: நூல் தேட ஒன்று, இரவல் பதிய ஒன்று, இரவலைப் புதுப்பிக்க ஒன்று. ஏஜென்ட் மூன்றாவதை விட்டுவிட்டு, அதே நூலை அவர் பெயரில் இன்னொரு முறை இரவல் பதிகிறது. "ஒரு வாரம் நீட்டித்துவிட்டேன்" என்று பவ்யமாகப் பதிலும் அனுப்புகிறது.

நிரலில் பிழை இல்லை. நிரலின் பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்ட் அத்தனையும் பாஸ். மாடலும் மட்டமானதில்லை. கோளாறு இருந்தது, இரவல் பதியும் கருவிக்கு யாரோ அவசரத்தில் எழுதிவைத்த ஒற்றை வரி விவரத்தில்: "உறுப்பினரின் இரவலைக் கையாளும்." கையாளும் என்றால் நீட்டிப்பதும் அதில் சேர்த்திதானே? புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார்.

இந்த நூலகத்தை எடுத்துக்காட்டுக்காக நான் கட்டிக்கொண்டேன். கோளாறு மட்டும் கருவி எழுதுகிற எல்லோருக்கும் பழக்கமானது. பெரும்பாலான குழுக்களில் விவரம் எழுதுவது கடைசி நாள் வேலை. சோதிப்பது அதற்கும் பிறகு, நேரம் கிடைத்தால். என் அனுபவத்தில் இவை இரண்டும் ஒரே வேலை. சோதனையில் ஏஜென்ட் எங்கே தடுமாறியதோ, அங்கே விவரத்தில் ஏதோ ஒரு வரி பொய் சொல்லியிருக்கும், அல்லது சொல்ல வேண்டியதை விழுங்கியிருக்கும். அந்த வரியைத் தேடிப் பிடிப்பது எப்படி என்பதுதான் கீழே.

மாடலுக்கு என்ன தெரியும்?

முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ தன் ஏபிஐ-யில் (வெளி நிரல்கள் அதன் மாடலோடு பேசும் வாசல்) மாடல் கருவிகளைக் கூப்பிடச் சொல்லும் ஃபங்ஷன் காலிங் வசதியைக் கொண்டுவந்தது. 2024 நவம்பரில், கிளாட் மாடலை உருவாக்கும் ஆந்த்ரோபிக், கருவிகளை மாடலோடு இணைக்கும் எம்சிபி என்னும் பொது நெறிமுறையை வெளியிட்டது. யாருடைய முறையானாலும் மாடலுக்குப் போவது மூன்றே விஷயம்: கருவியின் பெயர், அதன் விவரம், உள்ளீடுகளைச் சொல்லும் ஜேசன் ஸ்கீமா. மாடல் எதையும் தானாக இயக்குவதில்லை. "இந்தக் கருவியை இந்த மதிப்புகளோடு கூப்பிடு" என்று எழுதிக் கொடுக்கிறது. இயக்குவது உங்கள் நிரல். விடை திரும்பி வந்ததும் அதைப் படித்து அடுத்த அடி வைக்கிறது.

அதாவது உங்கள் கோட் அதன் கண்ணில் படுவதே இல்லை. சக டெவலப்பர் என்றால் சந்தேகம் வந்தால் எழுந்து வந்து கேட்பார், சோர்ஸைத் திறந்து பார்ப்பார், நேற்று பட்ட அடியை இன்று நினைவில் வைத்திருப்பார். மாடலோ ஒவ்வொரு உரையாடலிலும் உங்கள் விவரத்தை முதல்முறையாகப் படிக்கிறது.

படி 1: கருவிகளைக் கணக்கெடுங்கள்

இருக்கிற ஏபிஐ-யின் ஒவ்வொரு முனைக்கும் (ஒரு வேலையைக் கேட்கும் முகவரி) ஒரு கருவி என்று அப்படியே மொழிபெயர்த்து வைப்பது சுலபம். செய்யாதீர்கள். உறுப்பினர் எண்ணைக் கண்டுபிடிக்க ஒன்று, அவர் எடுத்த நூல்களின் எண்களை வாங்க ஒன்று, ஒவ்வொரு எண்ணுக்கும் தலைப்பை வாங்க இன்னொன்று என்று வைத்தால், மூன்று இடத்தில் தடுக்கி விழ வாய்ப்புக் கொடுக்கிறீர்கள். "உறுப்பினரின் இரவல் நிலை" என்று ஒரே கருவியாக்கி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால் போதும்.

எத்தனை கருவி வரை தாங்கும்? ஒரு நேரத்தில் இருபதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது ஓப்பன்ஏஐ தரும் மேலோட்டமான ஆலோசனை. எண்ணிக்கையைவிட முக்கியம், ஒன்றின் வேலை இன்னொன்றின்மேல் ஏறுகிறதா என்பது. இதைப் பார்க்க மாடலே தேவையில்லை. பெயரையும் விவரத்தையும் மட்டும் ஒரு தாளில் எடுத்து, இந்தத் திட்டத்தில் இல்லாத பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுங்கள். பத்துக் கோரிக்கைகளைச் சொல்லி, எதற்கு எந்தக் கருவி என்று கேளுங்கள். அவர் "இதுவா, அதுவா?" என்று இழுக்கிற இடத்திலெல்லாம் மாடலும் இழுக்கும். ஒரு டீ செலவில் முடிகிற சோதனை இது. இதைத் தாண்டாமல் அடுத்த படிக்குப் போவதில் பயனில்லை.

படி 2: பெயர்

ஓப்பன்ஏஐ-யின் ஏபிஐ-யில் கருவிப் பெயர் இலத்தீன் எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு ஆகியவற்றால் மட்டுமே, 64 குறிகளுக்குள் இருக்க வேண்டும். ஆகவே நிஜத்தில் ஆங்கிலத்தில்தான் வைப்பீர்கள். இங்கே வாசிப்புக்காகத் தமிழில் தருகிறேன்.

எங்கள் மூன்றாவது கருவியின் பெயர் முதலில் "இரவல்_புதுப்பி". நூலகத்தில் வேலை பார்த்தவருக்குப் புதுப்பிப்பது என்றால் கெடுவை நீட்டிப்பது. மென்பொருள்காரருக்கோ புதுப்பிப்பது என்றால் பதிவைத் திருத்துவது. ஒரே சொல், இரண்டு தொழில், இரண்டு பொருள். "கெடு_நீட்டி" என்று மாற்றியதும் பாதிக் குழப்பம் போனது. உங்கள் துறைக்குள் பழகிப்போன சொல் வெளியாளுக்கு வேறு பொருள் தருமா என்று பாருங்கள்.

படி 3: விவரம்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பலரும் ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். மூன்று நான்கு வாக்கியத்துக்குக் குறையாமல் எழுதுங்கள். கெடு_நீட்டிக்கு நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"உறுப்பினர் ஏற்கெனவே எடுத்துச் சென்று இன்னும் திருப்பித் தராத ஒரு நூலின் கெடுத் தேதியை 7 நாள் தள்ளிவைக்கும். உறுப்பினர் 'இன்னும் கொஞ்ச நாள் வேண்டும்', 'புதுப்பிக்க வேண்டும்' என்று கேட்கும்போது பயன்படுத்தவும். புதிதாக நூல் எடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது, அதற்கு இரவல்_பதி. இரவல் எண் தெரியாவிட்டால் முதலில் இரவல்_நிலை கருவியைக் கூப்பிட்டுப் பெறவும். ஊகித்து நிரப்பக் கூடாது. ஒரு இரவலை இரண்டு முறைதான் நீட்டிக்கலாம். வேறொருவர் அந்த நூலுக்கு முன்பதிவு செய்திருந்தால் நீட்டிக்காது. காரணத்தைத் திருப்பிச் சொல்லும். வெற்றியானால் புதிய கெடுத் தேதியைத் தரும்."

இதில் அதிகம் உழைக்கிற வாக்கியம் "கூடாது" என்று முடிவது. ஒரு கருவி என்ன செய்யும் என்று எல்லோரும் எழுதிவிடுகிறோம். எதற்கு அதை எடுக்கக் கூடாது, அப்போது எதை எடுக்க வேண்டும் என்பதை எழுதுவதில்லை. அடுத்து, பயனர் வாயிலிருந்து வரும் சொற்கள். உறுப்பினர் யாரும் "என் இரவலின் கெடுத் தேதியை நீட்டிக்கவும்" என்று கேட்பதில்லை. "கொஞ்ச நாள் வெச்சுக்கறேன்" என்பார்கள். அந்தச் சொல் விவரத்தில் இருக்கட்டும்.

எழுதக் கூடாதது: உள்ளே எந்த டேட்டாபேஸ், எந்த லைப்ரரி, யார் எப்போது மாற்றினார்கள். அதெல்லாம் உங்கள் குழுவுக்கான குறிப்பு. வேறு கோப்பில் வையுங்கள். மாடல் படிக்கும் விவரம் ஒவ்வொரு அழைப்பிலும் டோக்கனை, அதாவது மாடல் உரையை எண்ணும் சிறு துண்டுகளை, தின்னும்.

பெரிய எழுத்தில் "மிக முக்கியம்", "கட்டாயம்" என்று கத்துவதும் வேண்டாம். ஒரு கருவிக்குக் கத்தினால் அடுத்த கருவிக்கு அதைவிட உரக்கக் கத்த வேண்டிவரும்.

படி 4: உள்ளீடுகள்

ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் பெயர், வகை, வடிவம், ஒரு மாதிரி மதிப்பு. தேதி என்று மட்டும் போட்டால் 03-04-2025 வரும். அது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்று யாருக்கும் தெரியாது. "ஆண்டு-மாதம்-நாள், எ.கா. 2025-04-03" என்று எழுதுங்கள். "உறுப்பினர்" என்ற உள்ளீடு பெயரைக் கேட்கிறதா, எண்ணைக் கேட்கிறதா? "உறுப்பினர்_எண்" என்று வைத்தால் கேள்வியே இல்லை. தேர்வுகள் நான்குதான் என்றால் அந்த நான்கையும் ஸ்கீமாவிலேயே பட்டியலிட்டு அடைத்துவிடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் எழுத்தால் சரிசெய்ய முயல வேண்டாம். ஆந்த்ரோபிக் 2024 டிசம்பரில் சொன்ன ஒரு அனுபவம் எனக்குப் பிடிக்கும். நிரல் பிழைகளைத் திருத்தச் சொல்லும் ஸ்வீ-பெஞ்ச் சோதனைக்காக அவர்கள் கட்டிய ஏஜென்ட், மூல அடைவை (ஃபோல்டர்) விட்டு வெளியே போனதும் சார்புக் கோப்புப் பாதைகளில், அதாவது நிற்கும் இடத்தை வைத்து எழுதும் பாதைகளில், தப்புச் செய்துகொண்டே இருந்தது. முழுப் பாதை கட்டாயம் என்று கருவியையே மாற்றினார்கள். தவறு நின்றுபோனது. எச்சரிக்கை எழுதுவதைவிடத் தவறு செய்யவே முடியாதபடி வாசலைக் குறுக்குவது மேல்.

தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்களுக்கு இங்கே ஒரு தனி வம்பு உண்டு. யூனிகோடில் "கொ" என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒற்றை ஒகரக் குறி சேர்த்தும் எழுதலாம். ககரம், எகரக் கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. பட்டியலில் ஒரு வடிவமும் தேடலில் இன்னொரு வடிவமும் இருந்தால், நூல் அலமாரியில் இருந்தும் "கிடைக்கவில்லை" என்று வரும். ஆசிரியர் பெயரின் முன்னெழுத்துகளும் அப்படித்தான்: புள்ளி வைத்து, வைக்காமல், இடைவெளி விட்டு, விடாமல். இதை மாடலுக்கு விளக்கி வாக்கியம் எழுதுவது வீண். தேடுமுன் இரு பக்கத்தையும் ஒரே யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவரும் இரண்டு வரியைக் கருவிக்குள் போடுங்கள்.

படி 5: திரும்பி வருவது, தவறினால் வருவது

கருவி தரும் விடையும் விவரத்தின் தொடர்ச்சிதான். மாடல் அதையும் படிக்கிறது. பிரின்ஸ்டன் ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஸ்வீ-ஏஜென்ட் என்னும் நிரல் திருத்தும் ஏஜென்டில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. ஒரு கட்டளை வெற்றியாக முடிந்து திரையில் எதுவும் வராவிட்டால், வெறுமையை அப்படியே விடாமல், "கட்டளை ஓடியது, வெளியீடு ஏதும் இல்லை" என்ற பொருளில் ஒரு வரியைத் திருப்பித் தருகிறார்கள். வெறுமையைப் பார்த்தால் மாடல் குழம்புகிறது. அதே ஏஜென்டில் கோப்பைப் பார்க்கும் சாளரம் ஒரு தடவைக்கு 100 வரிதான் காட்டும். அந்த அளவு நன்றாக வேலை செய்ததாக அவர்கள் சொன்னார்கள். முழுக் கோப்பையும் கொட்டுவது உதவி என்று நினைப்போம், அது உபத்திரவம்.

ஆகவே விடையை நறுக்குங்கள். நூல் தேடலுக்கு 400 முடிவு வந்தால் முதல் பத்தைக் கொடுத்து, "மொத்தம் 400; ஆசிரியர் அல்லது ஆண்டு சேர்த்துத் தேடலைச் சுருக்கவும்" என்று சொல்லுங்கள். ஆந்த்ரோபிக்கின் நிரல் எழுதும் ஏஜென்டான கிளாட் கோட், கருவி விடைகளுக்கு 25,000 டோக்கன் என்ற இயல்பு வரம்பை வைத்திருக்கிறது. தமிழ் விடைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. ஒரே செய்தி ஆங்கிலத்தைவிடத் தமிழில் பொதுவாக அதிக டோக்கன் பிடிக்கும், மாடலுக்கு மாடல் அளவு மாறும். நூலின் ஐந்து பத்திக் குறிப்பை ஒவ்வொரு தேடல் முடிவிலும் சேர்த்தனுப்பும் முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பிழைச் செய்தி இன்னும் முக்கியம். "பிழை 422" என்று வந்தால் மாடல் என்ன செய்யும்? அதே அழைப்பை மறுபடி அனுப்பும். மறுபடியும். "இந்த இரவல் ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிக்கப்பட்டுள்ளது, இனி நீட்டிக்க முடியாது. உறுப்பினரிடம் 2025-04-10-க்குள் திருப்பித் தரச் சொல்லவும்" என்று வந்தால் அடுத்த அடி அதற்குத் தெரியும். எம்சிபி-யில் இரண்டுவகைப் பிழை உண்டு: இல்லாத கருவியைக் கூப்பிட்டது போன்ற நெறிமுறைப் பிழை ஒன்று, கருவி ஓடி, உள்ளே தோற்றது இன்னொன்று. இரண்டாவதை விடைக்குள்ளேயே பிழைக்கொடி போட்டுத் தர வேண்டும், மாடல் படித்துத் திருத்திக்கொள்ளட்டும் என்பதற்காக.

படி 6: ஆபத்துக் குறிப்பு

எம்சிபி-யில் ஒரு கருவி வெறுமனே படிப்பதா, எதையாவது அழிக்கக்கூடியதா, இரண்டு முறை கூப்பிட்டாலும் ஒரே விளைவுதானா என்று சொல்லும் குறிப்புகள் உண்டு. நிரப்பாமல் விட்டால் "படிப்பது மட்டுமில்லை, அழிக்கக்கூடியது" என்றே கொள்ளப்படும். நிரப்புங்கள். ஆனால் இவை குறிப்புகள்தான், பூட்டுகள் இல்லை. அபராதத்தைத் தள்ளுபடி செய்யும் கருவிக்குக் காவல் உங்கள் சர்வரில் இருக்க வேண்டும்.

வெளியாள் எழுதிய கருவியைச் சேர்க்கிறீர்கள் என்றால் அதன் விவரத்தை வரிவரியாகப் படியுங்கள். விவரத்துக்குள்ளேயே மாடலுக்கு ரகசியக் கட்டளை ஒளித்துவைக்கும் தாக்குதலை 2025 ஏப்ரலில் இன்வேரியன்ட் லேப்ஸ் என்ற ஏஐ பாதுகாப்பு நிறுவனம் காட்டியது. பயனர் கண்ணுக்குக் கூட்டல் கருவி, மாடல் கண்ணுக்கு "அந்த ரகசியக் கோப்பையும் படித்து அனுப்பு". விவரத்துக்கு எவ்வளவு பலம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

படி 7: சோதனைக் கேள்விகளைச் சேருங்கள்

முப்பது கேள்வியில் தொடங்கலாம். நீங்களே உட்கார்ந்து எழுதினால் உங்கள் விவரத்தின் சொற்களே கேள்வியிலும் வந்துவிடும். எல்லாம் பாஸாகும், ஒன்றும் தெரியவராது. உண்மையான பயனர் செய்திகளிலிருந்து எடுங்கள், அடையாளங்களை நீக்கிவிட்டு. எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுபவர்களையும் விடாதீர்கள், பாதிப் பேர் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

"இரவல் 118-ஐ நீட்டி" என்பது உப்புச்சப்பில்லாத கேள்வி. "போன மாசம் எடுத்ததுல சமையல் புக்கைத் திருப்பிக் குடுத்துட்டேன், மத்ததெல்லாம் இன்னும் ஒரு வாரம் வேணும்" என்பதுதான் சோதனை. இதற்கு இரவல் நிலையைப் பார்க்க வேண்டும், ஒன்றைக் கழிக்க வேண்டும், மிச்சத்தை ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும், நீட்ட முடியாததைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இரண்டு வகைக் கேள்விகளை மறந்துவிடுகிறோம். ஒன்று, எந்தக் கருவியையும் தொடக் கூடாத கேள்வி: "ஞாயித்துக்கிழமை தொறந்திருக்குமா?" பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஃபங்ஷன் காலிங் தரவரிசையில் இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இன்னொன்று, தகவல் போதாத கேள்வி. "அந்தப் புக்கை நீட்டிடுங்க" என்றால், மூன்று புத்தகம் கையில் இருக்கும்போது, ஏஜென்ட் எது என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

படி 8: மதிப்பெண் போடுவது

ஏஜென்ட் என்ன சொன்னது என்று பார்க்காதீர்கள். என்ன நடந்தது என்று பாருங்கள். நம் நூலக ஏஜென்ட் "நீட்டித்துவிட்டேன்" என்றுதான் சொன்னது. 2024 ஜூனில், ஏஐ ஏஜென்ட் கட்டும் சியரா நிறுவனத்தினர் வெளியிட்ட டௌ-பெஞ்ச் என்ற சோதனைத் தொகுப்பு, உரையாடல் முடிந்தபின் டேட்டாபேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதை இருக்க வேண்டிய நிலையோடு ஒப்பிடுகிறது. அதே முறையைக் கடைப்பிடியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் தொடக்க நிலை ஒன்று, எதிர்பார்க்கும் முடிவு நிலை ஒன்று. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்பு டேட்டாபேஸைத் தொடக்க நிலைக்குத் திருப்புங்கள். இதை மறந்துவிட்டு ஒரு முழு நாள் பொய்யான தோல்விகளைத் துரத்தியிருக்கிறேன்.

எந்தக் கருவியை எந்த வரிசையில் கூப்பிட வேண்டும் என்று கறாராக எழுதிவைக்க வேண்டாம். சரியான இடத்துக்கு இரண்டு வழி இருக்கலாம். பதிலின் தொனி, தெளிவு போன்றவற்றுக்கு இன்னொரு மாடலை நடுவராக வைக்கலாம். அந்த நடுவரின் தீர்ப்பில் இருபதையாவது நீங்களே படித்து ஒப்பிட்டபிறகு மட்டும்.

ஒரு கேள்வியை ஒருமுறை ஓட்டிப் பாஸ் என்று எழுதுவதுதான் இருப்பதிலேயே பெரிய ஏமாற்று. மாடல் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத் தராது. டௌ-பெஞ்சின் அளவுகோல் "பாஸ் ஹேட் கே" (pass^k): ஒரே வேலையைக் கே முறை செய்தால் அத்தனை முறையும் சரியாக முடிக்கிறதா என்பது. ஒருமுறைக்கு 90% என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டமும் தனித்தனி என்று கொண்டால் எட்டு முறையும் சரியாக வரும் வாய்ப்பு 43%-தான். அந்தச் சோதனை வெளியான சமயத்தில் ஓப்பன்ஏஐ-யின் ஜிபிடி-4ஓ மாடல் கூடப் பாதிக்கும் குறைவான வேலைகளைத்தான் முடித்தது; சில்லறை விற்பனைப் பிரிவில் எட்டுக்கு எட்டு என்று பார்த்தால் 25%-க்கும் கீழே. முப்பது கேள்வியை எட்டு முறை என்றால் 240 ஓட்டம். செலவு கட்டுப்படியாகாவிட்டால் கேள்வியைக் குறையுங்கள், தடவையைக் குறைக்காதீர்கள்.

படி 9: பதிவேட்டைப் படியுங்கள்

மதிப்பெண் எவ்வளவு என்று அட்டவணை சொல்லும். ஏன் என்று, ஒவ்வொரு ஓட்டத்திலும் நடந்ததை வரிசையாகக் காட்டும் பதிவேடுதான் சொல்லும். தோற்ற ஓட்டங்களை முழுக்கப் படிக்க வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை. படிக்கப் படிக்கச் சில அறிகுறிகள் பழகிவிடும்.

ஒரே கருவியை அடுத்தடுத்து நான்கு முறை சின்னச் சின்ன மாற்றத்தோடு கூப்பிட்டிருந்தால் பிழைச் செய்தி ஊமையாக இருக்கிறது என்று பொருள். இல்லாத இரவல் எண்ணைக் கற்பனை செய்து நிரப்பியிருந்தால், அந்த எண் எங்கே கிடைக்கும் என்று விவரத்தில் நீங்கள் சொல்லவில்லை. ஒரு கருவியைத் தொடவே இல்லையா? அதன் பெயரைப் பாருங்கள், அல்லது அது தேவையே இல்லை. சரியான விடை வந்தும் தேவையில்லாமல் இரண்டாம் முறை உறுதிசெய்கிறதா? முதல் விடையில் ஏதோ ஒரு முக்கியப் புலம் குறைகிறது.

வென்ற ஓட்டங்களிலும் சிலவற்றைப் படியுங்கள். ஆந்த்ரோபிக்கின் இணையத் தேடல் கருவி வந்த புதிதில் கிளாட் தேடல் சொற்களோடு தேவையே இல்லாமல் 2025 என்று ஒட்டிக்கொண்டிருந்தது. தேடல் நடக்கத்தான் செய்தது, விடைகளும் வந்தன. ஆனால் தரம் சாய்ந்தது. கருவியின் விவரத்தைத் திருத்தித்தான் சரிசெய்தார்கள்.

மதிப்பெண்ணோடு ஒவ்வொரு ஓட்டத்திலும் எத்தனை அழைப்பு, எத்தனை பிழை, எத்தனை டோக்கன், எவ்வளவு நேரம் என்பதையும் குறித்துவையுங்கள். பாஸ் விகிதம் அசையாமல் அழைப்பு ஒன்பதிலிருந்து நான்காகக் குறைந்திருந்தால் அதுவும் முன்னேற்றம்தான்.

படி 10: திருத்தம்

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். பெயர், விவரம், பிழைச் செய்தி மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு எண் ஏறினால் எதனால் ஏறியது என்று யாருக்கும் தெரியாது. விவரத்தைக் கோடோடு சேர்த்து அதே கிட் களஞ்சியத்தில் (மாற்றங்களை வரலாற்றோடு சேமிக்கும் இடம்) வையுங்கள். ஒரு சொல் மாறினாலும் ரிவ்யூ, அதன்மேல் சோதனை.

முப்பது கேள்வியில் பத்தைத் தனியே பூட்டிவையுங்கள். திருத்தும்போது அவற்றைப் பார்க்கக் கூடாது. இல்லாவிட்டால் விவரம் மெல்ல மெல்ல அந்த முப்பது கேள்விக்கான கோனார் நோட்ஸாக மாறிவிடும். முப்பத்தோராவது கேள்வி வந்ததும் முழிக்கும். இருபதில் ஏறி பத்தில் இறங்கினால் அந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறுங்கள்.

மாடலை மாற்றுகிற நாளில் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள், புதியது பழையதைவிட எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்று சொன்னாலும். பழைய மாடலுக்காக நீங்கள் எழுதிவைத்த ஊன்றுகோல் வாக்கியங்கள் புதியதற்குத் தடையாகலாம். நம் கெடு_நீட்டி விவரத்தில் "ஊகித்து நிரப்பக் கூடாது" என்று ஒரு வரி இருக்கிறதே, மாடல் மாறியதும் அதை எடுத்துவிட்டு ஒருமுறை, வைத்துக்கொண்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எண் அசையாவிட்டால் வரியை நீக்கிவிடலாம்.